பல்லோரச் சுருட்டு

சுருட்டை முதலில் காதருகே கொண்டுபோகிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, தூங்கும் பூனையைத் தொடுகிறவர் போல மெல்ல உருட்டுகிறார். இலை பேசுமாம். சருகு மாதிரி நொறுநொறுத்தால் காய்ந்துவிட்டது. சத்தமே வராவிட்டால் ஈரம் கூடிவிட்டது. இரண்டுக்கும் நடுவே, புதுத் துணியை மடிக்கும்போது வருகிற மாதிரி ஒரு சின்ன முனகல் கேட்டால் பதம் சரி. அப்போது அவருடைய இடது புருவம் மட்டும் மேலே ஏறும். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் புருவம் ஏறுகிறதா என்று நாங்கள் மூன்று பேர் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போம். காதுக்கு அடுத்தது மூக்கு. மூக்கைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் பொறுங்கள்.

அவரைப் பல்லண்ணன் என்று கூப்பிடுகிறோம். பல் செட் செய்வது தொழில். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் மாவுக்கல், அதாவது நீரில் குழைத்த பிளாஸ்டர், ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாகப் பொறுக்கி நட்டு, வேக வைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அறுபத்து மூன்று வயது. நாற்பது வருஷமாக இதே வேலை. அதனால் மனிதர்களின் கண்ணைப் பார்த்துப் பேசும் பழக்கம் போய்விட்டது. உங்களிடம் பேசும்போது உங்கள் வாயைத்தான் பார்ப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் மீசையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொள்வார்கள். வணக்கத்துக்குப் பதிலாக "எங்க, சிரிங்க பார்ப்போம்" என்பார். சிரித்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, "மூணாம் நம்பர். டீ கொஞ்சம் குறைங்க" என்று பல்லின் நிறத்துக்கு எண் சொல்வார்.

"பொய்ப்பல் செய்யறவன் நான். பொய்ச் சிரிப்பு எனக்குத் தெரியாதா?" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நாங்கள் கூடும் இடம் ஒரு லாண்டரியின் மாடி. லாண்டரிக்குச் சொந்தக்காரி லாண்டரி அக்கா. தோள் அகன்ற, குரல் கனத்த பெண்மணி; எங்களில் யாரைவிடவும் அழகாகச் சுருட்டுப் பிடிப்பார். கீழே கொதிகலனும் இஸ்திரி மேஜைகளும். மேலே, யாரும் வாங்க வராத துணிகளைக் காகிதத்தில் சுற்றி அடுக்கிய அலமாரிகள், ஒரு நீள மேஜை, நான்கு நாற்காலிகள், சுவருக்குச் சுவர் ஒரு துணிக்கொடி, மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல். பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழிருந்து நீராவி இழை இழையாக ஏறிவரும். மேலே நாங்கள் விடும் புகை மெல்ல இறங்கும். ஆள் உயரத்தில் இரண்டும் சந்தித்து, சாய்ந்த வெயிலில் எந்த அவசரமும் இல்லாமல் கலந்து நிற்கும். எது புகை, எது ஆவி என்று கொஞ்ச நேரத்தில் தெரியாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் பாதி கரைந்துபோயிருப்பார். பேச்சு குறையும். கீழே இஸ்திரிப் பெட்டி இறங்கும் சத்தம் தூக்கத்தில் கேட்பது போலக் கேட்கும். வாரத்தின் ஆறு நாட்களையும் யாரோ கழற்றி ஆணியில் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். தன் சுருட்டைத் தானே பிடிக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு சுருட்டு கொண்டுவந்து பல்லண்ணனின் மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். எது யாருக்கு என்பது அவர் பாடு. பெட்டி வாரம் முழுவதும் அவர் பட்டறையில் இருக்கும். சனிக்கிழமை கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். அந்தப் பெட்டியை முதன்முதலில் திறந்து பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு நொடி பின்வாங்குவார்கள். சுருட்டுகளுக்கு நடுவே மாவுக்கல்லில் வார்த்த ஒரு பல் வரிசை உட்கார்ந்து சிரிக்கும். சுருட்டு காயாமல் இருக்க ஈரம் வேண்டும். மாவுக்கல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். இவர் பட்டறையில் மாவுக்கல்லுக்கா பஞ்சம்? செட் செய்யச் சொல்லிவிட்டு வாங்கவே வராத யாரோ ஒருவருடைய மேல்தாடை அது. அந்தப் பல்லின் ஓரத்தில் கிடக்கும் சுருட்டுக்குத்தான் நல்ல ஈரம், நல்ல பதம், நல்ல மணம். அதற்கு எங்கள் பாஷையில் பல்லோரச் சுருட்டு என்று பெயர்.

பல்லோரச் சுருட்டு யாருக்கு? அந்த வாரம் யாருக்கு ரொம்ப மோசமான வாரமோ அவருக்கு. அதனால் பெட்டியைத் திறக்கும் முன் "சொல்லுங்க" என்பார் பல்லண்ணன். ஒவ்வொருவரும் வாரத்தைச் சொல்ல வேண்டும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காதில் வைத்து, மூக்கில் வைத்து, கண்ணை மூடிப் பங்கு போடுவார். கடைசியில் தனக்கு என்று இலை வெடித்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வார். அந்த வெடிப்பைப் பட்டறையிலேயே முட்டை வெள்ளைக்கருவும் மெழுகுத் தூரிகையும் வைத்து, ஈறு கட்டுகிற அதே கவனத்தோடு ஒட்டி வைத்திருப்பார். நல்லது ஒன்றைக்கூட அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. கேட்டால், "ஒட்டுப்போட்டதுதான் எனக்குச் சரியா இழுக்கும்" என்பார். சுத்தப் பொய்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே அந்தப் பல்லோரச் சுருட்டால்தான். பத்திரிகையில் பிழை திருத்துவது என் வேலை. ஐந்து வருஷத்துக்கு முன் ஓர் இரங்கல் செய்தியில், இறந்தவர் பெயரும் இரங்கல் தெரிவித்தவர் பெயரும் இடம் மாறிப் போனதை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். உயிரோடிருந்தவர் காலையில் நேரில் வந்தார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அன்று சனிக்கிழமை. சட்டை வாங்க லாண்டரிக்குப் போய்க் கல்லாவில் சாய்ந்து பேய் அறைந்தவன் மாதிரி நின்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாடிக்கு வா" என்றார். ஆள் யார் என்றுகூடப் பல்லண்ணன் கேட்கவில்லை. நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் பல்லோரத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "பிடி தம்பி. செத்தவரே எழுந்து வந்த மாதிரி வாரம் உனக்கு." அதற்கு முன் நான் சுருட்டுப் பிடித்ததில்லை. இருமி, கண்ணில் நீர் வழிந்து, பிறகு ஜன்னல் வெயிலில் என் புகை அவர்கள் புகையோடு சேர்ந்து போவதைப் பார்த்தபோது, எனக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மிகையில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொருவர் செக்கிங். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். நாள் முழுக்க மற்றவர்களைச் சந்தேகப்படுவது தொழில் என்பதால், வெளியே எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருஷம் வெயில் தொடங்கும் முன் பல்லண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தார். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் வேறு ஊரில், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். ஆகவே அக்கா கஞ்சி வைத்து அனுப்பினார், செக்கிங் மருந்து வாங்கித் தந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினேன். பதினோராம் நாள் சனிக்கிழமை. மெலிந்துபோய், கக்கத்தில் பெட்டியோடு, "எங்க, சிரிங்க பார்ப்போம்" என்று படியேறி வந்தார். நாங்கள் மனசாரச் சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை கீழே யாரோ இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். தீய்ந்த வாடை மாடி முழுக்க நிறைந்தது. அக்கா தடதடவென்று கீழே ஓடினார். செக்கிங் ஜன்னலை அகலத் திறந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பல்லண்ணன் மட்டும் ஒரு சுருட்டை மூக்கடியில் வைத்து, கண்ணை மூடி, "ஆகா" என்று புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். அக்கா திரும்பி வந்து வாசலில் நின்று அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பல்லோரச் சுருட்டு அன்று எனக்கு வந்தது. பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஐயோ, அதை எப்படிச் சொல்ல. நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து தொண்டைக்குள் கவிழ்த்த மாதிரி இருந்தது. அக்காவைப் பார்த்தேன், அவர் கண்ணிலும் நீர் கட்டியிருந்தது. செக்கிங் தன் சுருட்டை ஒரு போலி டிக்கெட்டைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் பல்லண்ணன், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக ஆவலோடு பார்த்து.

"அமிர்தம் அண்ணே" என்றார் அக்கா.

அவர் போன பிறகு மாடிப்படியில் கூடிப் பேசினோம். "அவருக்கு வாடை தெரியல. காய்ச்சல் மூக்கைக் கொண்டுபோயிடுச்சு" என்றார் அக்கா. "பெட்டியில எதையோ கொட்டியிருக்காரு, அதுவும் தெரியல."

"சொல்லிடலாம்" என்றேன் நான். பிழையைக் கண்டால் எனக்குக் கை நிற்காது.

"சொல்லி? பெரிய லேப்ல இருந்தாரே, அதை ஏன் விட்டாரு தெரியுமா? ஒரு பல்லோட நிறம் ஒரு நம்பர் தப்பிடுச்சுன்னு. யாரும் ஒண்ணும் சொல்லல. அவரா எழுந்து வந்துட்டாரு. நாளைக்கு மூக்கு இல்லன்னு நாம சொன்னோம்னா, பெட்டியை இங்க வச்சிட்டு ஒரேயடியாப் போயிடுவாரு. அந்த வீட்டுல போய் யாரோட பேசுவாரு? சுவத்தோடயா?"

செக்கிங் மெதுவாகச் சொன்னார்: "சுருட்டுதானே. பிடிச்சிட்டாப் போச்சு."

பிடித்தோம். மூன்று மாதம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாடை கூடிக்கொண்டே போனதே தவிரக் குறையவில்லை. பல்லண்ணன் காதில் வைத்து உருட்டி, "காயுது. வெயில் அப்படி. இன்னும் நாலு சொட்டு விடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இதில் ஒரு கூத்து நடந்தது. முன்பெல்லாம் பல்லோரச் சுருட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். இப்போது அதுதான் எமன். வாடையில் பாதி அதிலேயே இருந்தது. அக்காவுக்கு நெஞ்சு அவ்வளவு பலமில்லை. அவருக்கு அது போய்விடக் கூடாது என்று செக்கிங் வாராவாரம் துக்கத்தை இட்டுக்கட்டிக் கொண்டுவர ஆரம்பித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் பாவம், பஸ்ஸை விட்டு வெளியே அவருக்குக் கற்பனையே போகாது.

"இந்த வாரம் ஒரு பிரயாணி என்னைக் கடிச்சிட்டான் அண்ணே" என்றார் ஒரு நாள், காது சிவக்க.

பல்லண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். "கடிச்சானா? எங்க, காட்டு. மேல்பல்லு பதிஞ்சுதா, கீழ்ப்பல்லா?"

"ஆறிடுச்சு அண்ணே."

"அதுக்குள்ள எப்படி ஆறும்? சொந்தப் பல்லா, செட்டா? அதையாவது பார்த்தியா?"

"அவசரத்துல கவனிக்கலண்ணே."

செக்கிங் மட்டும் வாராவாரம் விஷம் குடிக்க அக்கா விடுவாரா? அடுத்த வாரம் கொதிகலன் வெடித்தது என்றார். நாங்கள் உட்கார்ந்திருந்ததே அந்தக் கொதிகலனுக்கு மேலேதான், அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. நான் என் பங்குக்கு ஒரு பெரியப்பாவைக் கொன்றேன். எனக்குப் பெரியப்பாவே கிடையாது. ஒருவருக்காக ஒருவர் அப்படிப் போட்டி போட்டுக்கொண்டு சீரழிந்தோம். பல்லண்ணன் எங்கள் துயரங்களைக் கேட்டு உண்மையிலேயே உருகினார். "என்ன நேரமோ உங்களுக்கெல்லாம்" என்று தலையில் கைவைத்தார். கேட்ட கையோடு மிக நல்லதாகப் பார்த்து, அதாவது மிக நாற்றமானதாகப் பார்த்து, எடுத்துத் தந்தார். எங்கள் புகை எழுவதை, வெயிலில் அது சுருண்டு பிரிவதை, எங்கள் முகம் மலர்வதை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்காகவே நாங்கள் முகத்தை மலர வைத்துக்கொண்டோம்.

குட்டு உடைந்தது செக்கிங்கின் மச்சானால். குளியலறை ஓடு விற்கிறவர், வேலையாக வந்தவர், மாடிக்கும் வந்தார். விருந்தாளி என்பதால் பல்லண்ணன் அவருக்குப் பல்லோரச் சுருட்டைக் கொடுத்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். செக்கிங் மச்சானின் காலை மிதித்தார். மச்சான் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தூவென்று வெளியே எடுத்துப் பிடித்தார்.

"என்னங்க இது? பல் ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. இதை எப்படிங்க பிடிக்கிறீங்க?"

பல்லண்ணன் எழுந்திருக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். அந்தப் பல்லைப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராக, இந்த முறை வாயை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தார். அக்காவால் தாங்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்றார்.

பெட்டியை மூடி மேஜை நடுவில் வைத்தார். மூடியின் மேல் ஒரு கணம் உள்ளங்கையை வைத்திருந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மச்சான், "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, எங்கள் மூவரில் ஒருவர் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. மூன்று பேர் நான்காவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெட்டியைத் திறக்க யாருக்கும் கை வரவில்லை.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். ஒரே அறை. சுவர் முழுக்க மாவுக்கல் தாடைகள், ஒவ்வொன்றின் கீழும் டாக்டர் பெயர். சுழலும் சக்கரத்தில் ஒரு செட்டைப் பிடித்து மெருகேற்றிக்கொண்டிருந்தார். புருவத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை; உட்கார்ந்தேன். ஜன்னல் விளிம்பில் இரண்டு கண்ணாடிப் புட்டிகள். ஒரே உயரம், ஒரே மூடி, உள்ளே ஒரே தண்ணீர் நிறம்.

"ஒண்ணு காய்ச்சி வடிச்ச தண்ணி" என்றார், சக்கரத்தை நிறுத்தாமல். "பெட்டிக்குச் சொட்டு விடறது. இன்னொண்ணு பொடியில ஊத்திப் பிசையற திரவம். ஈறு இறுகறதுக்கு. நாப்பது வருஷமா பேர் எழுதி ஒட்டினதில்ல. மூடியைத் திறந்தா மூக்கு சொல்லிடும், அப்புறம் எதுக்குப் பேர்? காய்ச்சல்ல படுத்து எழுந்து பட்டறையைத் துடைச்சப்ப இடம் மாத்தி வச்சிருக்கேன். பல் வேலைக்கு எடுத்தப்போ மாவு இறுகல, அப்பவே திருப்பி மாத்திட்டேன். ஆனா சொட்டு விடற குழாய்ப் புட்டியை முதல்லயே ரொப்பி வச்சிட்டேன். அது மறந்துபோச்சு." சக்கரத்தை நிறுத்தினார். "சட்டுன்னு தீப்பிடிக்கற சாமான் தம்பி அது. உங்க மீசையெல்லாம் தப்பிச்சதே பெரிசு."

"அக்காவுக்கு மீசையில்லண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

செட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "மூக்கு போனது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "சுருட்டைப் பத்தவச்சா சூடு மட்டும் தெரியும். மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. வெந்நீர் குடிக்கற மாதிரி."

"அப்புறம் ஏண்ணே பிடிச்சீங்க?"

"பிடிச்சனா? நான் எங்க பிடிச்சேன். உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். லாண்டரித் தங்கச்சி கண்ணை மூடினா, ஓ, இது நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். செக்கிங் ரெண்டாவது இழுப்புக்கு அவசரப்பட்டா, காரம் சரியா இருக்குன்னு தெரியும். உங்க மூணு பேர் மூஞ்சியிலதான் நான் மணம் பார்த்தேன்." செட்டைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அதுவும் பொய்யின்னா, நான் எதை வச்சுத் தெரிஞ்சிக்கறது, சொல்லு."

"சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு பயந்துட்டோம்ண்ணே."

அவர் யோசித்தார். "வந்திருக்க மாட்டேன்தான்" என்றார் கடைசியில். இந்த நேர்மைதான் அவரிடம் எனக்கு ஆகவே ஆகாது. வாதாட இடமே தராது.

கிளம்பும்போது என் சட்டைப்பைப் பேனாவைப் பார்த்துவிட்டு இரண்டு துண்டுக் காகிதம் கிழித்துக் கொடுத்தார். "பிழை பார்க்கறவன்தானே, எழுதி ஒட்டிட்டுப் போ." முதல் காகிதத்தில் 'தண்ணீர்' என்று எழுதினேன். இரண்டாவதற்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "தண்ணீர் இல்லைன்னு எழுது. அது போதும்." எழுதி ஒட்டினேன். சனிக்கிழமை வருவீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

நடந்ததை அக்காவிடம் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டவர், நேராக மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, அந்த மேல்தாடையைக் குப்பையில் போட்டார். உள்ளே முப்பத்தொரு சுருட்டுகள். யாரோ யாருக்காகவோ வாங்கியவை. எறிய மனம் வருமா? "வாடைதானே. நாங்க பார்க்காத வாடையா" என்று சொல்லி, கிளிப் டப்பாவைக் கொண்டுவந்தார். அறையின் குறுக்கே இருந்த துணிக்கொடியில், கைக்குட்டை உலர்த்துவது போல ஒவ்வொரு சுருட்டாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். பகலெல்லாம் ஜன்னல் காற்று. சாயங்காலம் இலை உடையாமல் இருக்கக் கீழிருந்து நீராவி. நான் தினமும் ஆபீஸ் முடிந்து போய்ப் பார்த்துவந்தேன். வெயில் சாயும் நேரத்தில் முப்பத்தொன்றும் கொடியில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். சுவரில் அவற்றின் நிழல் பெரிதாகி, தலைகீழாகத் தூங்கும் பறவைகள் மாதிரி தெரியும். அடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. செக்கிங்கும் வந்து உட்காருவார். இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்போம். வருவாரா என்று அவரும் கேட்கமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

சனிக்கிழமை நாலு மணி ஆயிற்று. நாலே கால் ஆயிற்று. செக்கிங் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். நாலரைக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏறி, பாதியில் நின்று, மறுபடி ஏறியது.

பல்லண்ணன் வாசலில் நின்று மேலே பார்த்தார். முப்பத்தொரு சுருட்டையும் பார்த்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. கையில் ஒரு பொட்டலம். அப்புறம் பிரித்துப் பார்த்தோம், புதிதாக வார்த்த ஒரு கீழ்த்தாடை, தண்ணீரில் நனைத்தது.

"சுருட்டைத் துவைச்சுப் போட்டிருக்கியா தங்கச்சி?"

"ஆமாண்ணே. கஞ்சி மட்டும் போடல" என்றார் அக்கா. "சிலதுல வாடை போயிருக்கு, சிலதுல இன்னும் இருக்கு. தரம் பிரிக்கணும்."

"அதுக்கு மூக்கு வேணுமே. என்கிட்ட ஏது?"

"மூக்கு என்கிட்ட இருக்கு. யாருக்கு எதைக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாது. அது உங்க வேலை."

அவர் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். ஒரு கிளிப்பைக் கழற்றி முதல் சுருட்டை இறக்கினார். காதருகே உருட்டினார். இடது புருவம் ஏறியது. கை தானாக மூக்கை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது. அந்தக் கையை மெல்லத் திருப்பி, அக்காவின் மூக்குக்கு நேரே சுருட்டை நீட்டினார். நீட்டிவிட்டு, அசையாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா ஒருமுறை முகர்ந்தார். கண்ணை இடுக்கி, மூக்கைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, எதையும் மறைக்காமல் முழு முகத்தையும் சுளித்தார்.

பல்லண்ணன் அந்தச் சுருட்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்ததைக் கொடியிலிருந்து கழற்றி மறுபடி நீட்டினார்.